கல்லைத் தள்ளக் குடித்த தண்ணீர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துடியலூரில் வாடகைக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு தொடங்கி, சொந்தப் பட்டறை கட்டினேன். மோட்டார் பம்பு செய்வது படித்தவர்களுக்கே வராது என்றார்கள், செய்தேன். அவிநாசிப் பக்கம் எத்தனையோ தோட்டத்துக் கிணறுகளில் என் பம்பு ஓடியது. முப்பது பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். இதெல்லாம் ஒருவர் தயவும் இல்லாமல் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. இடது விலாவில் வலி வந்தது. சிறுநீர்க் குழாயில் சின்னக் கல் இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடித்தால் இறங்கிவிடும் என்று பக்கத்து டாக்டர் சொன்னார். தண்ணீரைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? குழாயில் அடைப்பு என்றால் அழுத்தம் கொடுத்துத் தள்ளுவதுதானே எங்கள் தொழில். மறுநாள் காலையிலேயே ஒரு குடம் தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டேன். நடுவில் இளநீர், பார்லிக் கஞ்சி வேறு. முட்டிக்கொண்டு வந்த சிறுநீரையும் அடக்கி வைத்தேன். தேக்கி ஒரே வீச்சில் விட்டால் கல் அடித்துக்கொண்டு வரும் என்பது என் கணக்கு.

பதினோரு மணி வாக்கில் விலாவுக்குள் ஏதோ கிழிந்ததுபோல் இருந்தது. வலி வயிறு முழுக்கப் பரவி, வாந்தியும் வந்து சுருண்டு விழுந்தேன். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்ததில், சிறுநீரகத்தில் சிறுநீர் சேருகிற பை ஓரமாகக் கிழிந்து வெளியே கசிவது தெரிந்தது. சிறுநீரகம் தப்புமா என்பதே கேள்வி.

அங்கே என்னைப் பார்த்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். “எங்காச்சும் உழுந்தீங்களா? அடி கிடி பட்டுச்சுங்களா? அடின்னா நான் வேற மாதிரி யோசிக்கோணும்” என்றார்.

“பட்டறையில இரும்பு இடிச்சிருக்கும்ங்க” என்றேன். பொய். குடத்தைச் சொல்ல வெட்கம்.

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு நாளா பட்டறைப் பக்கமே போகலீங்களே.”

வேறு வழி இல்லை. குடம், இளநீர், பார்லி, அடக்கி வைத்தது எல்லாவற்றையும் கொட்டி, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “தண்ணி வெளிய போற டெலிவரிக் குழாய அடைச்சுப்போட்டு பம்ப ஓட்டுனா என்னாகும்ங்க?”

“இணைப்புல வெச்ச கேஸ்கெட் கிழிஞ்சு போயிரும், தண்ணி ஒழுகும்.”

“அதுதானுங்க போயிருக்குது.”

“அப்பக் கழட்டித்தானுங்களே ஆகோணும்? அறுத்துப்போடுங்க, தாங்கிக்கிறேன்.”

“அறுக்க வேண்டாமுங்க. சிறுநீர் போற வழியாவே மெல்லிசா ஒரு குழாயக் கல்லுக்கு மேல வரைக்கும் ஏத்தி வெச்சா அழுத்தம் எறங்கிரும். கிழிஞ்சது தானா ஒட்டிக்கும். உசுரில்லாத பம்புக்குத்தான் கேஸ்கெட் மாத்தோணும்.”

“இத்தன வருசம் சொன்னாக் கேக்காத மனுசன், இப்பவாச்சும் கம்முனு படுங்க” என்றாள் மனைவி.

எந்தக் கசிவையும் பம்பைப் பிரிக்காமல் நான் சரிசெய்ததில்லை. நம்பிக்கை இல்லாமல்தான் படுத்தேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். அரை மணி நேரத்தில் குழாய் உள்ளே போய்விட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்து பின்னால் அழுத்தம் ஏறக்கூடாது என்று சிறுநீர் வடிய வெளியிலும் ஒரு குழாய் வைத்தார்கள். கசிவால் வந்திருந்த காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் கசிவைத் தேடினாலும் காணோம். அதே வழியாகக் கருவியை விட்டுக் கல்லை உடைத்து எடுத்து, குழாயையும் உருவிவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்தச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. தண்ணீரை அளவாகக் குடிக்கிறேன், அடக்குவதில்லை. டாக்டரின் கைராசி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், கெட்டிக்காரர். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பங்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முப்பது பேரை அதட்டியே பழகியவன், தப்பு என்னுடையது என்று மனைவி முன்னால் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான்.