மோட்டார் சத்தம் கேட்கும் நாட்கள்

சங்கிலியம்மாள் பதினொரு வருஷமாகக் காற்றுக்குக் காய்ச்சல் பார்த்து வந்தாள். சின்னமனூருக்கு வெளியே ஒரு பஞ்சாயத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தகரப் பெட்டி ஒன்று நின்றது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அதற்குள் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மோட்டாரை ஓட விடுவாள். அது தெருக்காற்றை இழுத்துத் தூசியைத் தாளில் பிடித்துக்கொள்ளும். மறுநாள் தாளை உறையிலிட்டு மதுரை ஆய்வகத்துக்கு அனுப்புவாள். அங்கே எடைபோட்டு, வருஷா வருஷம் காற்று தேறுகிறதா, கெடுகிறதா என்று கோடு வரைவார்கள்.

இந்த வேலைக்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். நேரம் தவறமாட்டாள். யாரையும் லேசில் நம்பவும் மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஆய்வகத்து உமாதேவி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நல்ல சேதி. ஒங்க ஊருத் தூசி ரெண்டு வருஷமாப் பாதியாக் கொறைஞ்சிருக்கு. சுத்தமான எடம்னு எழுதி முடிச்சிரலாம்னு சொல்றாக. அடுத்த மாசம் மெஷினைக் கழட்டிருவாக."

அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த வெள்ளைத் துண்டு சங்கிலியம்மாள் கையில் இருந்தது. அரிசி ஆலையின் உமிச்சாம்பல் படிந்து அது எருமைத்தோல் நிறத்தில் இருந்தது. துண்டு சொல்வது ஒன்று, கோடு சொல்வது ஒன்று. பதினொரு வருஷ உழைப்பு ஒரு பொய்யில் போய் முடிவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் செவ்வாய். மோட்டாரை ஓட விட்டவள் வழக்கம்போல வீட்டுக்குப் போகாமல் மாடிச்சுவரோரம் நின்று தெருவைப் பார்த்தாள். சத்தம் கேட்டதும் ஆலைப் புகைக்கூண்டு அடங்கியது. டீக்கடை அம்மாவாசி விறகடுப்பை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து கேஸ் அடுப்பைத் தூக்கி வந்தார். எதிர்வீட்டுச் சுப்புத்தாய் குடம் குடமாகத் தண்ணீரைத் தெருவில் தெளித்தாள்.

சங்கிலியம்மாள் கீழே இறங்கினாள். "ஏத்தா, ரோட்டுல நாத்து நடப் போறியா?"

"மெஷின் பாக்குற நாளுல்ல மதினி. ரெண்டு வருசத்துக்கு முந்தி பக்கத்து ஊரைத் தூசி ஊருன்னு பேப்பர்ல போட்டாகள்ல. அந்தக் கேவலம் நமக்கு வேணாம்னு ஊருகூடிப் பேசி வச்சோம்."

"எங்கிட்ட ஒருத்தரும் மூச்சு விடலயே."

"ஒங்ககிட்டச் சொன்னா எழுதிப்புடுவீகளே."

டாக்டர் வரும் நேரத்தில் மட்டும் தலை சீவி, இருமலை அடக்கிக்கொண்டு உட்காரும் நோயாளிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. டாக்டர் எப்போது வருவார் என்று தெரியாமல் செய்துவிட்டால் போதும்.

புதன்கிழமை காலை பழைய தாள் ஒன்றைப் பேருக்கு வைத்து மோட்டாரை ஓட விட்டாள். தெரு அலறிப் புடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கியது. வியாழனும் ஓட்டினாள். வெள்ளி புதுத்தாள். சனி, ஞாயிறு, திங்கள் மறுபடி பழைய தாள். உமாதேவியிடம் மட்டும், "மோட்டாரு ஒரு மாதிரி எரையுது, ஓட்டிப் பாக்கேன்," என்று சொல்லி வைத்தாள்.

திங்கள் மத்தியானம் ஆலைக்காரர் ஈஸ்வரபாண்டி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"யக்கா, புதன்கெழமை அவிக்கலாம்னு ஊறப்போட்ட நெல்லு. அஞ்சு நாளா நாறுது. எம்பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இந்த மெஷினு என்னிக்குத்தேன் நிக்கும்?"

"காத்து நின்னா நிக்கும்."

"நெசமாவே தாள் வச்சிருக்கீகளா, சும்மா உறுமவிட்டு வேடிக்க பாக்குறீகளா?"

"தெறந்து காட்டுனா கணக்குக் கெட்டுப்போகும் தம்பி."

கீழே அம்மாவாசியின் சிலிண்டர் தீர்ந்திருந்தது. சுப்புத்தாய் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மோட்டார் சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை. ஆலை ஒரு வாரத்துக் கடனைத் தீர்ப்பதுபோலப் புகைந்தது. விறகடுப்பு எரிந்தது. குடங்கள் குழாயடியில் கவிழ்ந்து கிடந்தன. புதன் காலை எடுத்த தாள் தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல இருந்தது. சங்கிலியம்மாள் அதை, அப்போதுதான் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உறைமேல் இருந்த குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: "கடந்த இரண்டு வருஷம் அளவு நாட்களில் மட்டும் ஆலையை நிறுத்தி, தெருவில் தண்ணீர் தெளித்தார்கள். அந்த எண்களைச் சேர்க்க வேண்டாம்."

நாலாம் நாள் உமாதேவி கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு வருசக் கணக்கையும் தூக்கிட்டோம். ஒரு தாளை வச்சு ஒண்ணும் முடிவு சொல்ல முடியாதாம். இன்னும் மூணு வருசம் மெஷின் அங்கனயே இருக்கட்டும்னு சொல்லிட்டாக. மோட்டாரு இப்ப எரையுதா?"

"அப்பப்ப எரையும். நாள் கெழமை பாக்காது."

ஈஸ்வரபாண்டி புகைக்கூண்டில் சாம்பல் பிடிக்கும் தொட்டி மாட்டத் தேனிக்கு விலை கேட்கப் போயிருப்பதாகச் சுப்புத்தாய் வந்து சொன்னாள். சங்கிலியம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாட்டட்டும். தாளு சொல்லும்," என்றாள்.