ஸ்க்ரீனுக்குள் நடந்த திருவிருந்து

1. பெட்பேனோடு நின்ற ஆயாம்மா

பெண்கள் மெடிக்கல் வார்டுக்கு நான் சிஸ்டராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுடையது கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. காம்பவுண்டை ஒட்டியே எங்கள் சபைக் கோயிலும் இருந்தது. ஒருநாள் காலை டாக்டரோடு ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பும்போது, சரசு ஆயாம்மா கையில் பெட்பேனை வைத்துக்கொண்டு கடைசி அறை வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க சிஸ்டர்" என்றார்.

அறைக்குள் படுத்திருந்தவர் எஸ்தர். பவானிப் பக்கத்துக்காரர், விசைத்தறியில் வேலை. கணவர் பம்பாய் லைனில் லாரி ஓட்டியவர். போன வருடம்தான் காய்ச்சலில் இறந்திருந்தார். எஸ்தருக்கும் விடாத காய்ச்சல், பேதி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். எய்ட்ஸ் சந்தேகத்தில் எலைசா டெஸ்ட் எடுத்ததில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. எங்கள் வார்டுக்கு அப்படி வந்த முதல் பேஷண்ட் அவர்தான். இன்றைக்கு வார்டில் வேலை செய்கிற நீங்கள் கொடுக்கிற மாத்திரைகள் எதுவும் அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுப்போம், டிரிப் போடுவோம், கொஞ்சம் தேறினால் வீட்டுக்கு அனுப்புவோம். மறுபடி வருவார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் குறைந்து வருவார்கள்.

சரசுவிடம் இருந்து பெட்பேனை நான் வாங்கிக்கொண்டேன். எதற்குக் கிளவுஸ் வேண்டும், எதற்கு வேண்டாம், இந்த நோய் எப்படிப் பரவும், எப்படியெல்லாம் பரவாது என்று அவருக்கு உட்கார வைத்துச் சொன்னேன். அந்த வாரம் முடிவதற்குள் அவரே உள்ளே போய் எஸ்தரைத் திருப்பிப் படுக்க வைத்தார். பயப்படுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை நான் சரசுவிடம் பார்த்தேன். அதனால்தான் பின்னால் நடந்ததற்கு யாரையும் என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.

எஸ்தர் சும்மா படுத்திருக்கிற ஆள் இல்லை. காய்ச்சல் விட்ட அன்றே எழுந்து உட்கார்ந்து, காயத்துக்கு வைக்கிற காஸ் துணி மடித்துத் தரட்டுமா என்று கேட்டார். பெட்ஷீட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத நெய்ஞ்சவனுக்கு அன்னைக்குச் சம்பளம் போடல போல இருக்குதுங்க" என்று சிரிப்பார். ஒரே மகள், ஷீலா. பதினோரு வயது இருக்கும். கோயமுத்தூரிலேயே கணபதிப் பகுதியில் ஃபவுண்டரி வேலை பார்த்த எஸ்தரின் அண்ணன் வீட்டில் இருந்தாள். மாமனோடு வந்தால் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவாள்.

2. ரொட்டி

எங்கள் சபையின் மாதர் சங்கத்து அம்மாக்கள் வாராவாரம் வார்டுக்கு வருவார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ரொட்டி கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். அவர்களுக்குத் தலைவி ஹெலன் டீச்சர். ஒரு பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ். ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கிற மனுஷி. என் அம்மா இறந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று எல்லாருக்கும் காபி போட்டவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவரை நீங்கள் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் பேஷண்டுகளின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் விதி. நம் பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. கடைசி அறை வாசலுக்கு வந்த டீச்சர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த நோயா என்று கேட்டார். பேஷண்ட் விஷயம் வெளியே சொல்லக்கூடாதுங்க டீச்சர் என்றேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

அன்று ரொட்டியை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் வைத்துவிட்டு, வராண்டாவில் நின்றபடியே ஜெபம் செய்தார்கள். டீச்சர் ஜெபிக்கும்போது கண் கலங்கியது உண்மை. அவர்கள் போன பிறகு எஸ்தர் என்னிடம் சொன்னார்:

"ஜெபம் நல்லா இருந்துச்சுங்க சிஸ்டர். ரொட்டியத்தான் எட்டி எடுக்க முடியல."

3. அந்த ஞாயிற்றுக்கிழமை

எஸ்தர் ஓரளவு தேறி டிஸ்சார்ஜ் ஆனார். ஊருக்குத் திரும்பாமல் அண்ணன் வீட்டில் தங்கினார். மாதத்தின் முதல் ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கோயிலுக்கு வந்தார். சின்ன வயதில் இருந்தே கோயிலுக்குப் போகிற குடும்பம் அவர்களுடையது. மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தார். அன்று திருவிருந்து. போதகர், கடவுள் ஒருத்தரையும் விலக்காமல் நேசிக்கிறார் என்று பிரசங்கம் பண்ணினார். நல்ல பிரசங்கம். கேட்ட நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம்.

எங்கள் சபையில் அப்போது திராட்சரசத்துக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற மரத்தடுப்பை ஒட்டி வரிசையாக மண்டியிடுவோம். போதகர் முதலில் அப்பம் கொடுத்து வருவார். பிறகு பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டருகிலும் பிடிப்பார். டூட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நர்சுகளுக்கு முதல் பந்தி. நான் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பந்தியில் எஸ்தர் போனார். அவருக்கு ஒரு பக்கம் மண்டியிட்டிருந்த மாதர் சங்கத்து அம்மா மெதுவாகத் தள்ளிப் போனார். மறுபக்கத்தில் ஹெலன் டீச்சரின் மகள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். அவளுக்கு அடுத்து டீச்சர். பாத்திரம் வந்தது. எஸ்தர் குடித்தார். போதகர் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார். டீச்சர் மகளின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். அப்புறம் அவருக்கடுத்தவர். சத்தமே இல்லாமல் வரிசை கலைந்தது. போதகர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எஸ்தர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் கண் திறந்தபோது இருபுறமும் ஆள் இல்லை.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளை முன்னால் பாய் போட்டு உட்கார வைத்திருப்போம். ஷீலா அங்கேதான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். எழுந்து போய் அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பக்கத்து வாசல் வழியாக வெளியே கூட்டிப் போனாள். கடைசிப் பாட்டு பாடுவதற்குள் கேட் தாண்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"உடுங்க சிஸ்டர். அவங்கவங்க பயம் அவங்கவங்களுக்கு" என்றார் எஸ்தர். ஷீலா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

4. சின்னச் சின்னக் கிளாஸ்கள்

டாக்டரும் நானும் சபைக் கமிட்டிக்குப் போனோம். பாத்திரத்தில் குடிப்பதால் இந்த நோய் பரவாது என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். நானும் தினமும் அந்த அம்மாவைத் தொட்டு வேலை செய்தவள் என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் முடிவாகச் சொன்னார்: "டாக்டர் சொல்றது சரிங்க. ஆனா அதுக்காகச் சபை கலைஞ்சு போயிரக் கூடாதில்லீங்களா."

அடுத்த திருவிருந்துக்குத் தட்டில் அடுக்கிய சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று. எல்லாருடைய சுகாதாரத்துக்காகவும் என்று அறிவித்தார்கள். எஸ்தர் பெயரை யாரும் சொல்லவில்லை. போதகர் இளவயதுக்காரர், அவரால் எதிர்த்து நிற்க முடியவில்லை. அந்தக் கிளாஸ்களில் தப்பு என்று எதுவும் இல்லை. எத்தனையோ சபைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அவை எதற்காக வந்தன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எஸ்தர் அவற்றைப் பார்க்க வரவே இல்லை.

5. டீச்சர் வந்தார்

மழைக்காலம் முடிகிற சமயத்தில் எஸ்தரை மறுபடி அட்மிட் பண்ணினோம். இந்த முறை எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அதற்குள் டாக்டரிடம் பேசி, தனி அறையை விட்டுப் பொது வார்டிலேயே அவருக்குக் கட்டில் போட்டிருந்தேன்.

அதே வாரம் ஹெலன் டீச்சரின் மகளுக்கு எங்கள் மெட்டர்னிட்டியில் சுகப்பிரசவம். பேத்தியைப் பார்த்துவிட்டு டீச்சர் நேராக என் வார்டுக்கு வந்து, நர்ஸ் மேஜை அருகில் நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தன்னால் நிம்மதியாக ஜெபிக்க முடியவில்லை என்றார். வயிற்றுப் பிள்ளையை நினைத்துத்தான் மகளை எழுப்பினேன், எழுப்பிய பிறகுதான் எஸ்தர் முகத்தைப் பார்த்தேன் என்றார். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டார். போய்ப் பக்கத்தில் உட்காருங்க டீச்சர் என்றேன்.

உட்கார்ந்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். சிக்குப் பிடித்திருந்த எஸ்தரின் தலைமுடிக்கு எண்ணெய் வைத்து, பொறுமையாகச் சீவிப் பின்னிவிட்டார். அதற்கப்புறம் ஒருநாளும் தவறவில்லை. கஞ்சி ஊட்டினார். எஸ்தர் அவரைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் டீச்சரே போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய வெள்ளிப் பாத்திரத்தைக் கேட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார். பேஷண்டுக்குத் தனிமை வேண்டுமே என்று வார்டு பழக்கத்தில் கட்டிலைச் சுற்றித் துணி ஸ்க்ரீனை இழுத்துவிட்டோம். போதகர், டீச்சர், எஸ்தர், நான், நாலே பேர். போதகர் அப்பம் கொடுத்தார். எஸ்தரின் தலையைத் தாங்கிப் பிடித்து நான் பாத்திரத்தில் குடிக்க வைத்தேன். டீச்சர் அதைத் துடைக்க விடாமல் வாங்கி, எஸ்தர் வாய் வைத்த அதே இடத்தில் குடித்தார்.

எஸ்தர் வெகுநேரம் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு நெறஞ்சுபோச்சுங்க டீச்சர். ஆனா இத எம்புள்ள பாக்கலையேங்க. அவ பாத்தது அன்னைக்குக் கோயில்ல நடந்ததத்தானுங்க."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷீலாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சபை முன்னால் எல்லாம் சொல்லுகிறேன் கண்ணு என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார். ஞாயிறு வருமுன் எஸ்தர் போய்விட்டார்.

6. கேட்க வேண்டியவர்கள்

அடக்க ஆராதனைக்கு ஷீலா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே மாமியோடு நின்றிருந்து, கல்லறைக்குப் போகும்போது மட்டும் சேர்ந்து நடந்தாள். டீச்சர் அவளைத் தனியாக உட்கார வைத்து, வார்டில் நடந்ததைச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். பிள்ளை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

வாக்குக் கொடுத்தபடி டீச்சர் சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். தன் மகளின் கையைப் பிடித்து எழுப்பியதில் ஆரம்பித்து ஒன்றையும் மறைக்கவில்லை. நிறையப் பேர் அழுதார்கள். அந்தக் கமிட்டிப் பெரியவரும் அழுதார். கேட்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் அங்கே இல்லை.

அதன் பிறகு டீச்சர் பல தடவை கணபதிக்குப் போனார். சிலசமயம் நானும் கூடப் போயிருக்கிறேன். ஷீலா காபி போட்டுக் கொடுப்பாள், படிப்பு பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுவாள். கோபம் காட்டியதே இல்லை. கோயில் பேச்சு எடுத்தால் மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒருமுறை டீச்சர் கொஞ்சம் வற்புறுத்தினார். அதற்கு அவள், "எங்கம்மாளுக்கு உங்க மேல வருத்தம் இல்லீங்க. எனக்கும் இல்லீங்க. ஆனா அங்க வந்தா எங்கம்மா தனியா மண்டி போட்டிருக்கறதுதான் தெரியுமுங்க" என்றாள்.

பிற்பாடு அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. ஷீலா பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்றும், நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் கேள்விப்பட்டோம். எங்களுக்குத் தெரிந்தவரை எந்தக் கோயிலுக்கும் அவள் போகவில்லை. டீச்சர் தன் கடைசிக் காலம்வரை அவள் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிப்பார்.

7. இப்போது வார்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு

எஸ்தர் போனபின் சிவப்பு ஸ்டிக்கரை எடுக்க வைத்தோம். எல்லாப் பேஷண்டுக்கும் ஒரே மாதிரி ஜாக்கிரதை, ஒரே மாதிரி கிளவுஸ் என்று ஆனது. நான் இன்னொன்றையும் பழக்கப்படுத்திக்கொண்டேன். எல்லாரும் ஒதுக்குகிற பேஷண்ட் யாராவது வந்தால், விசிட்டிங் நேரத்தில்தான் அவர் கட்டிலுக்குப் போவேன். கட்டிலிலேயே உட்காருவேன். வந்தவர்கள் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். சிஸ்டருக்கு விளம்பரம் வேண்டியிருக்கிறது என்று சிலர் சொன்னது என் காதுக்கும் வந்தது.

நல்லதை மறைவாகச் செய் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொடுக்கிற உதவியை அப்படி மறைக்கலாம். ஒரு மனுஷியைச் சபையே சேர்ந்து பத்துப் பேர் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, அவளைச் சேர்த்துக்கொள்வதை மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்தால், தள்ளி வைத்ததுதான் நிற்கிறது. ஹெலன் டீச்சரின் அன்பு உண்மையானது, அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது சில மாதம் தாமதித்து வந்தது, வந்ததும் ஒரு துணி மறைப்புக்குள் வந்தது. கடவுள் எல்லாரையும் நேசிக்கிறார் என்பதை நாம் வாயால் சொல்லும்போது பெரியவர்கள் ஆமென் சொல்லிக் கேட்டுக்கொள்வார்கள். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, பக்கத்தில் யார் மண்டியிடுகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.