அன்னக்கூடைக்குக் காது குத்தினோம்

கிண்டியைத் தாண்டி எங்கள் வண்டி சென்னைக்குள் நுழையும்போது காலை ஆறரை மணி. திண்டிவனத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு உடைந்த தொட்டி இருந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டர். மில்லில் ஓடி ஓய்ந்த ஆம்புலன்ஸ் வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கட்டில், அதற்கு எதிரே பலகை, பலகையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு பீங்கான் தொட்டி, கூரைமேல் தண்ணீர் டிரம் என்று ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதிலேயே கழித்தார். மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்ததும் காசிக்குக் கிளம்பினோம். கங்கையைப் பார்க்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் ஆசை. வெளிச் சோறு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் வண்டிக்குள்ளேயே அடுப்படி.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது திண்டிவனத்துக்கு முன்னால். அம்மி இல்லாமல் சட்னி எப்படி என்று நான்தான் சின்ன அம்மியும் குழவியும் எடுத்துவந்தேன். குழவி உருளாமல் இருக்கப் பத்திரமான இடம் எது என்று யோசித்து, மகாராசன், அதைப் பீங்கான் தொட்டிக்குள் வைத்திருந்தார்! ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது; பிரேக் போட்டார்; குழவி தொட்டியின் ஒரு பக்கத்தையே பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"கொழவிய யாரு கொண்டாரச் சொன்னது?" என்றார்.

"அதைத் தொட்டில வெக்கச் சொன்னது யாருங்க?" என்றேன்.

அன்று மத்தியானம் சமைத்த பாத்திரங்களைத் திண்டிவனத்தில் ஒரு டீக்கடைக் குழாயடியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து விளக்கினேன். வரிசையாக நின்ற லாரிக்காரர்கள் டீ குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் ஏறியதும் சொல்லிவிட்டேன்: "மெட்ராஸ்ல தொட்டி சரியாச்சுன்னா காசி. இல்லீன்னா வண்டியத் திருப்புங்க, கோயமுத்தூரு. காசி வரைக்கும் ரோட்டுல குத்தவெக்க என்னால ஆகாது." அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது; ராத்திரி செங்கல்பட்டில் தங்கியபோதும் இல்லை.

சைதாப்பேட்டை, நந்தனம் எல்லாம் கடந்து மயிலாப்பூர் போய், தெப்பக்குளத்தை ஒட்டி நிழலாக நிறுத்தினோம். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகிவிட்டது என்று பலகை சொல்கிறது. வழி சொன்னவர்கள் அத்தனை பேரும் மவுண்ட் ரோடு என்றே சொன்னார்கள். கடை திறந்ததும் இவர் லஸ் பக்கம் போய் விசாரித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தொட்டிகள் இருக்கின்றனவாம், எல்லாம் பங்களா அளவு. நூற்றுப்பத்து ரூபாய்க்குக் குறைந்து இல்லை. வாங்கினாலும் பலகையை வெட்டி அடுப்பை நகர்த்த வேண்டும்; நகர்த்த இடம் இல்லை. துளைபோடும் கருவி, அரம் எல்லாம் இருந்த பெட்டியையும் கோயமுத்தூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மிக்கு இடம் வேண்டும் என்று இறக்கி வைத்தாராம்.

நான் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கங்கை அவ்வளவுதான் என்று மனசுக்குள் முடிந்துபோனது.

அப்போது கீரைக்கட்டோடு போன ஒரு மாமி திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, வண்டிக்குள்ளயே சமையலா? பேஷ்! பாத்திரம் அலம்பறதுக்கு என்ன பண்றேள்?"

உடைந்த தொட்டியைக் காட்டினேன்.

"பீங்கானா? ஒடையாம என்ன பண்ணும்? எவர்சில்வர்ல ஒரு அன்னக்கூடை வாங்கி வெச்சுண்டு, அதுலயே அலம்பிக் கொட்டிடுங்கோளேன்."

"கொட்டறதுக்கு மறுபடி ரோட்டுல எறங்கோணுமுங்களே மாமி."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று சொல்லிவிட்டு மாமி நடையைக் கட்டினார்.

கல்யாணப் பந்தியில் சோறு கொண்டுவருவார்களே, அகன்ற வாயும் வெளியே மடித்த விளிம்பும் உள்ள பாத்திரம், அதுதான் அன்னக்கூடை. விளிம்பு இருந்தால், தொட்டி இருந்த பலகை ஓட்டையில் உட்காரும். அடியில் ஒரு துளை போட்டுப் பழைய தொட்டியின் பித்தளைக் குழாயைப் பொருத்தினால்? சொன்னேன். இவர் ஒரு நூலை எடுத்துப் பலகையின் ஓட்டையை அளந்தார்.

தியாகராய நகர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். மூன்றாவது கடையில்தான் நூலுக்குச் சரியான அன்னக்கூடை கிடைத்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. அப்போதுதான் சாம்பிராணி போட்டிருந்தார். "கல்யாணமாக்கா? எத்தன வேணும்?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "ஒண்ணு போதுமுங்க. அடியில ஒரு ஓட்டை போடோணும், தகடு தாங்குமுங்களா?" என்று கேட்டுவைத்தார்.

கடைக்காரர் பாத்திரத்தை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். "காலங்காத்தால மொதப் போணி. ஓட்டை போடவா வாங்குதீய? தரமாட்டேன், போயிட்டு வாங்க."

"பாத்திரம் கழுவற தொட்டிக்குங்க..."

"எதுக்கா இருந்தா என்ன? ஓட்டப் பாத்திரத்துல லட்சுமி தங்குவாளா? எங்கடையில வேணாம்."

இவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. காசிக்கும் எனக்கும் நடுவே இந்த மனுஷருடைய முதல் போணியா?

"ஏனுங் அண்ணாச்சி, இட்லித் தட்டுல ஓட்டை இல்லீங்களா? இடியாப்ப அச்சுல? அதெல்லாம் விக்கறீங்கல்ல?"

"அது பொறந்ததே அப்படிம்மா. இது முழுசா இருக்கு. முழுசா இருக்கதக் குத்திக் கெடுக்கலாமா?"

"பொட்டப்புள்ளையும் முழுசாத்தான் பொறக்குது. காது குத்தறதில்லீங்களா? கெடுக்கவா குத்தறோம்?"

கடைக்காரர் மெல்லச் சிரித்தார். "காதுகுத்துன்னா சும்மாவா? மாமன் மடியில வெச்சுல்லா குத்தணும். மாமன் எங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு எங்கோ தைத்தது. நான் ஒற்றைப் பெண். என் மகளுக்குக் காது குத்தியபோது மடி கொடுக்க ஆள் இல்லாமல் பெரியப்பா மகனைக் கெஞ்சிக் கூப்பிட்டோம். வேட்டி மடிப்புக் கலைகிறது என்று சபையிலேயே முனகினான், பாவி.

"எனக்கு அண்ணன் தம்பி யாருமில்லீங்க. அண்ணாச்சின்னு கூப்பிட்டாச்சு. நீங்களே மடி குடுங்க" என்றேன். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன், அப்படி வரவில்லை.

கடைக்காரர் பின்னாலிருந்த அன்னக்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாமிப் படத்தடியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து அதன் விளிம்பில் பொட்டு வைத்தார். விலை நாற்பத்திரண்டு ரூபாய்; ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டார். அப்புறம் அலமாரியிலிருந்து கையகல எவர்சில்வர் வடிகட்டி ஒன்றை எடுத்தார்.

"ஓட்டை வழியா சோத்துப்பருக்கை போயி அடைச்சிக்கிடும். இத மேல போட்டுக்கிடுங்க. குத்துன காதுக்குத் தோடு வேண்டாமா? இதுக்குக் காசு கெடையாது."

வாசலில் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு வடிகட்டியின் பிடியில் 'மாமன் சீர்' என்று வெட்டச் சொன்னார். டக் டக் என்று அவர் வெட்டி முடிக்கும்வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

துளை போடவும் கடைக்காரரே ஆள் சொன்னார். அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில், பாத்திரம் ஒட்டுகிற முனுசாமி. பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"இன்னாமா இது! ஓட்டைய அடைக்கிறவன்கிட்ட வந்து ஓட்டை போடுன்றியே? பாத்திரம் ஷோக்கா கீது. பொட்டு வேற வெச்சிக்கீது!"

"காதுகுத்துங்க" என்றார் இவர்.

"அப்டினா கறிசோறு உண்டா?"

"தக்காளிச் சோறு உண்டு" என்றேன்.

முனுசாமி மரக்கட்டைமேல் அன்னக்கூடையைக் கவிழ்த்து, வட்டம் போட்டு, வட்டத்தின்மேல் சின்னச் சின்னத் துளைகளாகப் போட ஆரம்பித்தார். நாலாவது துளையில் கருவி வழுக்கித் தகட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. தகடு கிழிந்திருந்தால் கதை முடிந்தது. என் சபதம் என் கழுத்தையே பிடித்துக்கொண்டது. ஏன் அப்படி வாயைவிட்டோம், பேசாமல் ஒரு வாளியை வைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று தோன்றிவிட்டது.

"பயந்துக்காதமா. மேலால தான் கீச்சிக்கீது" என்று முனுசாமி எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினார்.

வட்டம் முழுசாகத் தெறித்து விழுந்தது. அரத்தால் ஓரத்தைத் தேய்த்தார். இவர் பித்தளைக் குழாயைப் பொருத்தி, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தைக் கொடுத்து முறுக்கினார். வண்டிப் பலகையில் அன்னக்கூடையை இறக்கியதும், அங்கேயே பிறந்ததுபோல உட்கார்ந்தது.

நான் சொம்புத் தண்ணீரைச் சாய்க்கப் போனேன். "இருமா, இரு!" என்று முனுசாமி ஓடிவந்து வண்டிக்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்தார். "தண்ணிய தரைல வுடாத. ரெண்டு நாளா கொயால தண்ணியே வர்ல."

தண்ணீர் சுழன்று துளைக்குள் இறங்கி, கீழே பக்கெட்டில் விழுந்தது. இவர் அடியில் படுத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு சொட்டு இல்ல அம்மிணி!" என்று கத்தினார்.

அப்பாடா! இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த குழவி இறங்கியது. "வண்டியக் காசிக்கு விடுங்க" என்றேன். முனுசாமிக்கு ஆறு ரூபாய் கூலியும் தட்டு நிறையத் தக்காளிச் சோறும் கொடுத்தோம். "கறி இல்லாத காதுகுத்து இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று திருவான்மியூரில் கோயிலுக்குப் பக்கத்தில் தங்கி, மறுநாள் விடியலில் வடக்கே புறப்பட்டோம். கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இட்லி ஆயிற்று. அங்கேயும் லாரிகள் நின்றன, லாரிக்காரர்கள் டீ குடித்தார்கள். ஆனால் நான் வண்டிக்குள், ஜன்னல் ஓரம், நிமிர்ந்து நின்று பாத்திரம் கழுவினேன். கூரை டிரம்மிலிருந்து தண்ணீர் வந்தது. சீர் வடிகட்டியில் பருக்கைகள் தங்கின. எதிரே வயலில் கொக்குகள் மேய்ந்தன. பாத்திரம் கழுவும்போது இப்படி எதையாவது பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். வீட்டில் கிணற்றடிக் கல்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதன் முன்னால் குத்தவைத்துத்தான் விளக்குகிறேன். மழை வந்தால் தலையில் ஒரு சாக்கு. திண்டிவனத்தில் ஒரு வேளை உட்கார்ந்ததற்கு அழுகை வந்ததே, அங்கே ஏன் ஒருநாளும் வரவில்லை?

"ஏனுங்க" என்றேன். "ஆம்புலன்சுக்கே தொட்டி வெச்சுட்டீங்க. வூட்டுல எனக்கு ஒண்ணு வெக்கோணும்னு தோணவே இல்லீங்களா?"

டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், அன்னக்கூடையைப் பார்த்தார்.

"திரும்பி வரும்போது மறுக்காவும் அந்தக் கடையில போயி நிக்கோணும்" என்றார் மெதுவாக. "ரெண்டாவது புள்ளைக்குங் காதுகுத்துன்னு மாமன்கிட்டச் சொல்லோணும்."

நான் நின்றபடியே அடுத்த தட்டை எடுத்தேன்.