அங்கிள் தூக்கிய விரல்

போன மாதம் எங்கள் வீட்டு பைபிள் என் மானத்தை வாங்கிவிட்டது.

எங்கள் சர்ச் பங்கில், பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியம் என்று பெயர். அந்த மாதம் என் முறை. காலையிலிருந்தே அமர்க்களம். சமோசா, சோபா கவர், பாத்ரூமில் புது டவல்... எல்லாம் ரெடி. பைபிள்? அது எப்போதும் ரெடிதானே! ஷோகேஸில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று நிற்கிறது. கல்யாணத்துக்கு வந்த பைபிள். ஓரமெல்லாம் தங்க முலாம்.

"உன் பைபிளையே எடு ரோசி, நீயே வாசி" என்றார் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா டீச்சர்.

எடுத்தேன். பிரித்தேன். சர்ர்ர்ர்...

தங்க ஓர பைபிள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பிரிக்காத பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை பிரிக்கும்போது சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்! ஹாலில் எல்லார் கண்ணும் என் பைபிள் மேல். என் கணவர் மட்டும் சமோசாத் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குப் பெரிய மனசு. "ஏசியில வெச்சா இப்படித்தான், ஒட்டிக்கும்" என்று சமாளித்தார்.

எங்கள் ஹாலில் ஏசி கிடையாது.

மறுநாளே சபதம் போட்டேன். ஒரே வருஷத்தில் முழு பைபிள்! போனில் ஓர் ஆப் இறக்கினேன். தினம் நாலு அதிகாரம், முடித்தால் பச்சை டிக். காபி ஆறுவதற்குள் நாலையும் முடித்துவிடுவேன். படித்ததில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். டிக் விழுந்ததா இல்லையா?

பத்தாவது நாள் டீச்சர் போன் செய்தார். "ரோசி, எனக்கு ஒரு உதவி செய்யணும்மா..."

அவர் கணவர் அல்போன்ஸ் அங்கிளுக்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்ட்ரோக். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் வராது. தினமும் காலையில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து நற்செய்தியில் கொஞ்சம் வாசிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிள் கஞ்சிக்கு வாயைத் திறப்பார். இப்போது டீச்சருக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாதாம்.

"போன்ல ஆடியோ போட்டுப் பார்த்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ஒழுங்கா சாப்பிடலன்னா மறுபடியும் மூக்குல ட்யூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன தடவை அதப் போட்டப்ப அழுதுட்டாரு, ரோசி..."

டீச்சரின் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன்.

கஞ்சி ஊட்டுகிறவள் செல்வி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அங்கிளை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ரூல்ஸ் சொல்லிக் கொடுத்தாள். "அர ஸ்பூன்தான் குடுக்கணும்க்கா. நைனா வெரலத் தூக்குனா இன்னும் முழுங்கலன்னு அர்த்தம். அவசரப்பட்டா பொற ஏறிக்கும்."

எனக்கென்ன, வாசிப்பதுதானே வேலை? முதல் நாள் ஆப் வேகத்தில் ஓர் அதிகாரத்தை முடித்தேன். ஐந்தே நிமிஷம். அங்கிள் மூன்று ஸ்பூனோடு வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள் இரண்டு அதிகாரம் வாசித்தேன், கூடுதல் புண்ணியம் என்று. இரண்டே ஸ்பூன்.

"இன்னாக்கா இது... இப்டியே போனா ட்யூபு தான்" என்றாள் செல்வி. பக்கத்து அறையிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு டீச்சர், "சாப்ட்டாரா?" என்று கேட்டார். நான் செருப்பைத் தேடினேன்.

மூன்றாம் நாள். உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் சுடுகிற பகுதி. எனக்கு மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தேன். அங்கிளின் இடது கை விரல் மேலே எழுந்தது.

பதறிவிட்டேன். கஞ்சியே இன்னும் ஆரம்பிக்கவில்லையே! செல்வி ஓடி வந்து அவர் வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"வாயில ஒண்ணியும் இல்லக்கா. காதுல கீது! நீ பாட்டுக்கு எக்ஸ்பிரஸ் வண்டி மாரி போய்க்கினே கீற... அவரு முழுங்க வேணாமா?"

நிறுத்தினேன். அங்கிள் கண்ணை மூடியிருந்தார். விரல் தூக்கியபடியே இருந்தது. நானும் வேறு வழியில்லாமல், வாசித்த இடத்தையே திரும்பப் பார்த்தேன். இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடர்கள். அதில் ஒருத்தர், 'அவரை எனக்குத் தெரியவே தெரியாது' என்று மூன்று தடவை மறுதலித்தவர். இயேசு ஏன் என்று கேட்கவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

பிறந்ததிலிருந்து கோயிலில் கேட்டுவருகிற பகுதி. இது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று? பைபிளை ஷோகேஸில் பூட்டி வைத்திருந்த என்னையும் முதலில் சாப்பிடத்தானே கூப்பிட்டிருக்கிறார்? எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி பார்க்காததுபோல கஞ்சியை ஆற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் இறங்கியது. அங்கிள் தானாகவே வாயைத் திறந்தார். அன்றைக்குக் கிண்ணம் காலி.

"சாப்ட்டாரா?"

"முழுசா சாப்ட்டாரு டீச்சர்!"

பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்தேன். டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

மீதி நாலு நாளும் பத்துப் பத்து வரிதான் வாசித்தேன். விரல் எழுந்தால் நிறுத்துவேன், இறங்கினால் தொடருவேன். ட்யூப் வரவில்லை. டீச்சருக்கும் இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வருஷத்துச் சாப்பாட்டையும் எட்டே மாசத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது பெருமை அடித்துக்கொள்வார்களா? வேதத்தில் மட்டும் நமக்கு ஏன் இந்த அவசரம்? தினமும் வேண்டும், சரி. உள்ளே இறங்கவும் வேண்டும் இல்லையா?

ஆப் இன்னும் போனில்தான் இருக்கிறது. நீ ரொம்பப் பின்தங்கிவிட்டாய் என்று தினமும் திட்டுகிறது. திட்டட்டும். தங்க ஓர பைபிள் ஷோகேஸிலிருந்து இறங்கி டைனிங் டேபிளுக்கு வந்துவிட்டது. பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுத்தான் பிரிகின்றன. எனக்கு இப்போது வெட்கமில்லை.

நேற்று காலை காபியோடு வந்து எட்டிப் பார்த்தார் என் கணவர். "நாலு நாளா அதே பக்கமா? இன்னுமா முடிக்கல?"

நான் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன்.