காலித் தறிகளின் பட்டியல்

1. வாந்திபேதி

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள், காலைப் பிரேயரில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். வெயில் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டோம். தை மாதத்தில் காலை ஒன்பதே காலுக்கு என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை. பியூன் மணல் கொண்டுவந்து கொட்டினார். பையனை வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் மாலை அவன் இறந்துபோனான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஆரணியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. அசிஸ்டென்ட். சரித்திரமும் பூகோளமும் என் பாடங்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன் சென்னையில் ஒரு நாளிதழில் மூன்று ஆண்டு புரூஃப் பார்த்திருந்தேன். அதனால் சர்க்குலர், அறிக்கை, புள்ளிவிவரம் என்று எழுத்து வேலை எது வந்தாலும் ஹெட்மாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சர்.

வெள்ளிக்கிழமை பள்ளியை மூட உத்தரவு வந்தது. பெற்றோருக்கான சர்க்குலரை எழுதி எடுத்துப் போனேன். ஹெட்மாஸ்டர் படித்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு சொல்லை அடித்தார்.

“காலரான்னு போடாதீங்க சார். வாந்திபேதின்னு போடுங்க, போதும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“ஒண்ணுதான். ஆனா வாந்திபேதின்னா எவனும் டி.சி. கேட்டுகினு வரமாட்டான்.”

நான் மாற்றி எழுதினேன்.

2. ஸ்டென்சில்

பள்ளி மூடியதும் இரண்டு வகுப்பறைகளில் ஊசி போடும் முகாம் வந்தது. ஆண்டுவிழா நாடகத்துக்கு வாடகைக்கு எடுத்த உடைகள் பெட்டியோடு திரும்பிப் போயின. விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை இறக்கினார்கள். இதெல்லாம் ஹெட்மாஸ்டரின் கவலை அல்ல. பொதுத்தேர்வுக்கு ஒன்பது வாரம் இருந்தது. அதுதான் கவலை.

ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு முடிவு செய்தோம். எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு மட்டும் முக்கியக் கேள்வி பதில்களை சைக்ளோஸ்டைல் செய்து வாரம் ஒரு முறை வீட்டுக்கு அனுப்புவது. கணக்கு ஆசிரியர் நயினார் சார், சயன்ஸ் ஆசிரியர், நான், மூன்று பேரும் ஸ்டென்சில் வெட்டினோம். பள்ளியின் ரோனியோ மிஷின் பழையது. பத்துத் தாளுக்கு ஒன்று மை அப்பி வீணாகும். இரண்டு நாளில் முதல் கட்டு தயாராகிவிட்டது.

கட்டுகளை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் வேலை நின்றது. வகுப்பில் பாதிப் பேர் முள்ளிப்பட்டிலிருந்தும் சுற்றியுள்ள நெசவுத் தெருக்களிலிருந்தும் வருபவர்கள். நோயும் அங்கேதான் அதிகம். பியூன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் வாங்கற சம்பளம் மணி அடிக்கறதுக்கு சார். அந்தத் தெருவுல பூந்து வர்றதுக்கு வேற ஆளப் பாருங்க.”

அப்போது யோசனை சொன்னவன் நான்தான். பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் கோதண்டம் முதலாளியின் ஆள் ஒருவன் வெள்ளிதோறும் சைக்கிளில் முள்ளிப்பட்டுக்குப் போவான். தறி ஓடும் வீடுகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொடுத்துவிட்டு, எவ்வளவு நெய்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவான். அந்தத் தெருக்களில் பெரும்பாலான வீடுகள் கோதண்டம் கொடுக்கும் பாவை, தறியில் ஏற்றும் நீள நூலை, வாங்கித்தான் நெய்தன. நோய் வந்தும் அவன் போவது நிற்கவில்லை. அவனிடமே கட்டுகளைக் கொடுத்துவிடலாம்.

“இத்தினி நாளா இது யாருக்கும் தோணல பாருங்க” என்றார் ஹெட்மாஸ்டர். கோதண்டம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவரும்கூட.

3. ஆறு கட்டங்கள்

கோதண்டம் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குக் காபி வரவழைத்தார்.

“புள்ளைங்க படிக்கறதுக்கு இதுகூட செய்யலன்னா எப்பிடி? யாரு, எந்தத் தெரு, வூட்ல இன்னா நெலம, எல்லாம் வெவரமா எழுதிக் குடுங்க சார். என் ஆளு ஒரு வூடு வுடாம குடுத்துட்டு வருவான்.”

புரூஃப் பார்த்தவனின் கை எனக்கு. விவரம் என்றால் முழு விவரம். ஃபுல்ஸ்கேப் தாளில் ஆறு கட்டம் போட்டேன். மாணவர் பெயர், வயது, தெரு, தகப்பனார் பெயர். ஐந்தாவது கட்டம், வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்பது. அந்த வீடுகளில் தாளை வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்பது என் கணக்கு. ஆறாவது கட்டம், தறி ஓடுகிறதா என்பது. தறி ஓடாத வீட்டுக்கு அவன் நூல் கொடுக்கப் போகமாட்டான். அங்கே தனியாகப் போக வேண்டுமே, அதற்காக.

ஊசி முகாமுக்கு வந்த பெற்றோரை விசாரித்து இரண்டு நாளில் நிரப்பினேன். தனலட்சுமி என்ற பெண்ணின் வரிசையில் நான் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. வயது 16. தகப்பனார் வேலூர் ஆஸ்பத்திரியில். தறி காலி.

கணக்கில் வகுப்பிலேயே முதலாக வரும் பெண். அவளை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்ப வேண்டும் என்று நயினார் சார் அவள் அப்பாவிடம் பேசிவைத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் போதும் என்றிருந்தது.

பட்டியலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் கோதண்டம். நின்றபடியே கடைசிக் கட்டம் வரை படித்தார். “ரொம்பத் தெளிவா கீது சார்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

4. பிணைத்த பாவு

ஐந்து வாரம் கழித்துப் பள்ளி திறந்தது. முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் இருபத்தேழு பேர் வந்தார்கள். இரண்டாம் நாளும் அதே எண்ணிக்கை. வராத பதினொரு பேரில் எவருக்கும் நோய் இல்லை என்று முகாம் பதிவேடு சொன்னது. சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

தனலட்சுமி தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலை. முக்கால்வாசி நெய்தாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். எங்கள் சைக்ளோஸ்டைல் தாள்களைத் தறிக்கு மேலே ஒரு கயிற்றில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். நிமிர்ந்தால் படிக்கலாம்.

“சார், நாலாவது ஷீட்டுல ஒரு சண்டைக்கு வருஷம் மாறிக்கீது. புக்குல வேற போட்டுகீறாங்க.”

பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஸ்டென்சில் வெட்டியவன் நான்.

அவள் அம்மா எனக்குப் பாய் போட்டார். கணவர் பிழைத்துவிட்டார், ஆனால் தறியில் உட்காரும் தெம்பு இல்லை என்றார். ஏன் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

“நீங்கதான சார் சொல்லி அனுப்பிச்சீங்க?”

“நானா?”

“முதலாளி உங்க சீட்ட எடுத்தாந்து காமிச்சாரு சார். ‘சாரே எழுதிக் குடுத்துகீறாரு, உங்க வூட்டுத் தறி சும்மா கீது, பொண்ணு சும்மா கீது, வயசு பதினாறுன்னு. ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க, இன்னா யோசிக்கறீங்க’ன்னாரு. பொண்ணு தண்ணிக்குப் போயிருந்திச்சி, எங்களுக்குப் பேரத் தவிர படிக்கத் தெரியாது. எங்க பேரு இருந்திச்சி, ஸ்கூல் முத்தரை இருந்திச்சி. சரின்னு தறியில பாவு பிணைச்சி பொண்ண உக்கார வெச்சிட்டோம்.”

முத்திரையைக் குத்தியதும் நான்தான். முத்திரை இல்லாத தாளை ஹெட்மாஸ்டர் வெளியே அனுப்பமாட்டார்.

மற்ற வீடுகளுக்கும் போனேன். வராத பதினொரு பேரில் ஒன்பது பேர் வீட்டில் புதுப் பாவு ஏறியிருந்தது. ஒன்பதும் என் பட்டியலில் “தறி காலி” என்று எழுதிய வீடுகள். மீதி இருவர் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்து அடுத்த வாரம் வந்துவிட்டார்கள்.

5. கை மாறினால் தெரியும்

அன்று மாலையே கோதண்டத்திடம் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை. காபியும் வந்தது.

“முகூர்த்த மாசம் சார். மெட்ராஸ் கடைக்காரன் தெனம் ஆள் அனுப்பறான். என் நெசவுக்காரன் பாதிப்பேர் படுத்துட்டான். எந்த வூட்ல தறி சும்மா கீது, யாரு கையி சும்மா கீதுன்னு தெருத்தெருவா அலைஞ்சிருக்கணும். நீங்க ஒரே பேப்பர்ல குடுத்துட்டீங்க. நான் இன்னா திருடிட்டேனா?”

“அது பாடம் அனுப்பறதுக்குக் குடுத்தது.”

“பாடமும் போய்ச் சேந்துச்சே சார். ஒரு வாரம் தவறிச்சா? கேட்டுப் பாருங்க.”

தவறவில்லை. அதை நானே கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

“அந்தப் பெண்ணையாவது விடுங்க. மீதியை வேறு யாராவது நெய்யட்டும்.”

“ஒரு பாவுல மூணு சேலை. நடுவுல ஆள மாத்தினா கை மாறினது துணியில கோடாத் தெரியும். கடைக்காரன் மூஞ்சில வீசுவான். வேணும்னா ஒரு சேல முடிஞ்சதும் மாத்தலாம். உக்கார ஆளு நீங்க குடுங்க, நான் மாத்தறேன். சரித்திர வாத்தியாருக்கு நெய்ய வருமா?”

பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை சிரித்தான். கோதண்டம் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோதண்டத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், ஒன்பது வீட்டுக்கும் நாம் நேரில் போய் அந்தத் தாள் எதற்கு என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். மூடிய நாட்கள் வேலைநாள் கணக்கில் வராது. திறந்த பிறகு வராத நாட்கள் வரும். இன்னும் ஒரு வாரம் போனால் ஒன்பது பேருக்கும் அட்டெண்டன்ஸ் குறையும், ஹால் டிக்கெட் தரத் தேவையில்லை.

“மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் இருந்தா மன்னிக்கலாம்” என்றேன்.

“நோவு அப்பனுக்கு. சர்ட்டிஃபிகேட் பொண்ணுக்கா?” பதிவேட்டை மூடினார். “சார், கொஞ்சம் நெதானமா பாருங்க. இந்த ஒம்பதுல எத்தினி பாஸாவும்? மூணு, மீறிப்போனா நாலு. மீதி ஃபெயிலு. உக்காராதவன் கணக்குல வரமாட்டான். பர்சன்டேஜு ஏறும். கோதண்டத்த வேற எதுக்கு பகைச்சிக்கணும்?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

நானும் நயினார் சாரும் ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். நான்கு வீட்டில் சின்ன அளவு பாவு. அந்த வாரத்துக்குள் எப்படியோ முடித்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். மற்ற ஐந்து வீட்டில் முடியவில்லை. தனலட்சுமியின் முதல் சேலை முடிந்தபோது, மாற்றி உட்கார ஓர் ஆளைத் தேடி நயினார் சார் களம்பூர் வரை போய்வந்தார். கிடைக்கவில்லை. தமிழ் முதல் தாள் நடந்த காலையில் அவள் இரண்டாவது சேலையில் இருந்தாள்.

6. நல்ல ரிசல்ட்

அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் தேர்ச்சி விகிதம் அதற்கு முன் வந்திராத அளவு உயர்ந்தது. நோய்க்காலத்திலும் பாடம் நிற்காமல் பார்த்துக்கொண்ட பள்ளி என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. திட்டத்தை மற்ற பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும், பட்டியலின் மாதிரிப் படிவம் தேவை என்றும் கேட்டிருந்தார்கள். முதல் நான்கு கட்டத்தோடு நிறுத்தி அனுப்பினேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூலையில், அக்டோபர் தேர்வைப் பிரைவேட்டாக எழுதலாம் என்று தெரிந்ததும் விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன். தறியில் இப்போது பச்சை இருந்தது. கயிற்றில் தாள்கள் இல்லை.

தனலட்சுமி விண்ணப்பத்தை வாங்கி முழுவதும் படித்தாள். பெயர், வயது, தெரு, தகப்பனார் பெயர். படித்து முடித்து, மடிப்புக் கலையாமல் என்னிடமே நீட்டினாள்.

“அக்டோபர்ல வேற பாவு இருக்கும் சார்.”

“நான் பேசிப் பார்க்கிறேன்” என்றேன்.

“யாருகிட்டயும் பேச வேணாங்க சார்.” ஊடை நூலைக் குறுக்கே ஓட்டி ஒருமுறை அடித்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே குரல். “நல்லதுன்னுதான் செஞ்சீங்க, எனுக்குத் தெரியும். இனிமே எதுனா லிஸ்ட் எழுதினீங்கன்னா எங்க வூட்ட வுட்டுட்டு எழுதுங்க சார்.”

அதற்குப் பிறகும் பல ஆண்டு வேலை பார்த்தேன். வெள்ளம், மஞ்சள் காமாலை, சத்துணவு, இலவசச் சீருடை என்று எத்தனையோ படிவங்கள் என் கையால் போயின. இன்று வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒரு கட்டம் போடும்முன், அதை நிரப்பப் போவது யார் என்று யோசிக்காதீர்கள். அதைப் படிக்கப் போவது யார் என்று யோசியுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஆனது.