முகவரிக்கு இரண்டு மதிப்பெண்

கடிதத்தின் வலது மேல் மூலையில் முகவரி எழுதாத பிள்ளைக்கு நூருன்னிசா டீச்சர் இரண்டு மதிப்பெண் குறைத்துவிடுவார். அவர் படித்த நாகப்பட்டினத்துக் கான்வென்டில் அவருக்கும் அப்படித்தான் குறைத்தார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

1978இல் குவீன்ஸ்டவுன் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டவர் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை பாஸைப் புதுப்பிக்க வேண்டும்; அதற்குப் பிரின்சிபல் அருளானந்தம் கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது புதுப்பிக்கும் வருடம்.

பாடநூலில் 'விளக்கைச் சரிசெய்யக் கோரிக் கடிதம்' வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் ஏதோ ஒரு கற்பனைத் தெருவைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். அருள்ஜோதி மட்டும் எழுதவில்லை. லிஃப்ட் நிற்காத ஏழாம் மாடியில் அவள் வீடு. இருட்டுப் படியில் இறங்கிய அம்மா விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார்.

"லைட் போயி மூணு மாசம் ஆச்சு டீச்சர்."

"அப்ப கற்பனை எதுக்கு? எல்லாரும் போய் எண்ணிட்டு வாங்க."

பன்னிரண்டு பேரும் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார்கள். பதினான்கு விளக்கு எரியவில்லை. பன்னிரண்டு கடிதங்கள், பன்னிரண்டு முகவரிகள். எல்லாம் ஒரே உறையில் வட்டார அலுவலகத்துக்குப் போயின. மேலே வைத்த குறிப்பில் 'ஐந்தாம் வகுப்பு' என்று மட்டும் எழுதி, டீச்சர் தன் பெயரை விட்டுவிட்டார். பாஸ் பயம்.

விளக்குப் போட ஆள் வரவில்லை. முகவரிகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்திலிருந்து வேறோர் ஆள் வந்து வீடு வீடாகத் தட்டினார். அருள்ஜோதி வீட்டுப் பின்னறையில் பதிவில்லாமல் தங்கியிருந்த கப்பல்பட்டறைத் தொழிலாளியை இரண்டு வாரத்தில் கிளம்பச் சொன்னார். அப்பா மகளை அடித்தார். வந்தவரும் அதே இருட்டுப் படியில் சுவரைத் தடவித்தான் இறங்கிப் போனாராம்!

அருளானந்தம் கூப்பிட்டனுப்பினார். "பாடம் நடத்தச் சொன்னா பெட்டிஷன் போடச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"பாடத்துலதான் சார் இருக்கு."

"பாடத்துல இருக்கிறது பரீட்சைக்கு லா! வெள்ளிக்கிழமைக்குள்ள பிள்ளைங்க மன்னிப்புக் கடிதம் எழுதணும். உங்க பாஸ் லெட்டரும் இதே மேசையிலதான் இருக்கு, டீச்சர்."

டீச்சர் வகுப்புக்குப் போய்ச் சொன்னார்.

"யார்கிட்ட மன்னிப்பு டீச்சர்? அந்த லைட்டுகிட்டயா?" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

அருள்ஜோதி சிரிக்கவில்லை. "முகவரி போடணுமா? போட்டா மறுபடியும் வீட்டுக்கு வருவாங்க. போடலன்னா நீங்க ரெண்டு மார்க் வெட்டுவீங்க."

டீச்சருக்கு, பூச்சிகளை விரட்டுவதுபோல் வீடுகளைத் தட்டியவர்மேல் கோபம். பரீட்சைக்கு மட்டும் குடிமைப் பண்பு வளர்ப்பவர்மேல் கோபம். அதைவிட, பெயரை மறைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பன்னிரண்டு குழந்தைகளை வாசலில் நிறுத்திய தன்மேல் கோபம்.

"யாரும் எழுத வேணாம். நோட்டை மூடுங்க."

சுண்ணக்கட்டியை எடுத்தார். கரும்பலகையின் வலது மேல் மூலையில், நூருன்னிசா, பஃபலோ ரோடு, தேக்கா என்று வீட்டு எண்ணோடு எழுதினார். கீழே: 'படிக்கட்டில் பதினான்கு விளக்குகள் எரியவில்லை. எண்ணச் சொன்னவள் நான்.'

"இது என் கடிதம். இன்னிக்கே தபால்ல போடுவேன். நகல் சார் மேசைக்குப் போகும்."

அருள்ஜோதி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பதினாலு தப்பு. நேத்து இன்னொண்ணு போயிடுச்சு."

டீச்சர் அழித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினார்.