நெற்றியில் எழுதிய நேரம்

சொர்ணம் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போல்ட்டு நட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கிற வேலை. படிப்பு எட்டாவது. அண்ணனூரில் மின்சார ரயில் நிறுத்துகிற கார் ஷெட் சுவரை ஒட்டிய தெருவில் வீடு. நானும் அதே தெருதான். என்னிடம் மூன்று சக்கர டெம்போ ஒன்று இருந்தது, கம்பெனிச் சரக்கு ஏற்றுவேன். சொர்ணத்தால் அந்த டெம்போவில் சரக்கைவிட அடிபட்டவர்களை ஏற்றியதுதான் அதிகம் என்று என் வீட்டில் சண்டை வரும்.

எண்பத்து மூன்றில் அவள் கம்பெனியில் எட்டு நாள் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். செக்‌ஷனுக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஓவர்டைம் போய்விடும் என்று ஆண்கள் நழுவிவிட, சூப்பர்வைசர் இவள் பேரை எழுதிவிட்டார். எட்டு நாளும் உட்கார்ந்துகொண்டே இருக்கலாமே என்றுதான் போனேன் என்று அவளே சொல்வாள். போனவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். பழைய வேட்டியை முக்கோணமாகக் கிழித்துக் கட்டுத்துணி செய்தாள். பெட்டி அடிக்கிற மரப் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, உடைந்த கைகாலுக்கு அண்டக் கொடுத்துக் கட்ட வைத்துக்கொண்டாள். பிஸ்கட் டின் ஒன்றில் எல்லாம் இருக்கும்.

எங்கள் பக்கம் காயம் என்றால் காப்பித்தூள் அப்புவார்கள். வலிப்பு என்றால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். மயங்கிக் கிடப்பவன் வாயில் சோடா ஊற்றுவார்கள். இதையெல்லாம் தடுப்பதுதான் அவளுக்குப் பாதி வேலை. அவள் புருஷன் வீரராகவன் ஷெட்டில் ரயில் கழுவுகிற ஆள். "எனக்கு ஜொரம்னா ஒரு மாத்திர குடுக்கத் தெரியாது, ரோட்ல கெடக்கறவனுக்கு மட்டும் ஓடுவா" என்பான். ஆனால் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு ஓடி வருகிறவனும் அவன்தான்.

வகுப்பில் சொன்ன ஒன்றை மட்டும் சொர்ணம் ஒருநாளும் மறந்ததில்லை. அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் கடைசி வழியாகக் கைகாலை இறுக்கிக் கட்டலாம். கட்டினால், கட்டிய நேரத்தை அடிபட்டவன் நெற்றியில் எழுதி அனுப்ப வேண்டும். ரத்தம் போகாமல் எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரிந்தால்தான் காலை வைப்பதா எடுப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். வேர்த்த நெற்றியில் பேனா எழுதாது. அதனால் சொர்ணம் சாந்துப் பொட்டு பாட்டிலையும் டின்னில் வைத்திருந்தாள். அந்தக் குச்சியால்தான் எழுதுவாள்.

எண்பத்தேழு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தெரு முனையில் இருந்த பட்டறை வாசலில் லாரியில் இருந்து தகடு இறக்கினார்கள். கயிறு அறுந்து தகடு மொத்தமும் சரிந்தது. கீழே நின்ற கோவிந்தராஜுக்கு முழங்காலுக்குக் கீழே ஆழமாக அறுத்துவிட்டது. வயது இருபத்து நாலு. கெங்கம்மாளுக்கு ஒரே பிள்ளை, அவன் கொண்டுவருவதுதான் வீட்டுக்குச் சோறு. கூட நின்ற கன்னியப்பனுக்கு நெஞ்சில் அடி, மூச்சு வாங்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தார்.

சொர்ணத்துக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். வீட்டில் இருந்ததால் உடனே வந்துவிட்டாள். இரண்டு கையாலும் காயத்தை அழுத்தினாள். ரத்தம் விரல் இடுக்கில் பீறிக்கொண்டு வந்தது. பிறகு தொடையில் துணி சுற்றி, மரக்குச்சி செருகி முறுக்கினாள். நின்றது. கூட வந்த வீரராகவன் வாட்சைப் பார்த்து நேரம் சொன்னான், அவள் கோவிந்தராஜ் நெற்றியில் சிவப்பாக எழுதினாள், டின்னில் இருந்த நோட்டிலும் குறித்துக்கொண்டாள்.

"அண்ணாத்தே, நீ இவனை ஏத்திகினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கன்னியப்பன் மூச்சு சரியில்ல, இவரைவுட்டு நான் வரமுடியாது. வேற வண்டி வந்ததும் வரேன். கட்டை யாரும் அவுக்கக் கூடாது."

"தெரியும்மே. இன்னிக்கு நேத்தா ஓட்டறேன்?" என்றேன்.

கட்டை அவிழ்க்காதே என்று சொன்னாள். நெற்றியைத் தொடாதே என்று சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. எனக்கும்தான்.

ரோடு ஏற வேண்டும் என்றால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். நாங்கள் போகவும் கேட் மூடவும் சரியாக இருந்தது. பக்கத்திலேயே அம்மன் கோயில். ஆடி வெள்ளி, சொல்லவா வேண்டும். வண்டி கிளம்பும்போது ஓடி வந்து ஏறி, பின்னால் மகன் தலையை மடியில் வைத்திருந்த கெங்கம்மாள், "பூசாரி, எம் புள்ளையப் பாரு!" என்று கத்தினாள். பூசாரி துலுக்கானம் தட்டோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, கோணல்மாணலா குங்குமம்? யார் வச்சது?"

"யாரோ தொட்டுட்டாங்க போல. நைனா, கொஞ்சம் தண்ணி குடு."

என்னிடம்தான் கேட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவன் நான். முந்தானையை நனைத்துத் துடைத்தாள், பூசாரி நெற்றி நிறைய விபூதி பூசினார். அது என்ன சிவப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. சாமி காரியம், குறுக்கே பேசக் கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது. ரயில் போனது, கேட் திறந்தது, ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்ததும் டாக்டர் கட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கு. எப்ப கட்டினது?"

கெங்கம்மாள் அழுதுகொண்டே, "காலைல எட்டு மணிக்கு ஊட்டவுட்டுப் போனான் சாமி" என்றாள்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். பக்கத்தில் நின்ற நர்சிடம், "கிட்டத்தட்ட நாலு மணி நேரம். கால் நிக்காது. எடுக்க ரெடி பண்ணுங்க. அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்குங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோவிந்தராஜ் நெற்றியைப் பார்த்தேன். வெறும் விபூதி. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டாக்டர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கெங்கம்மாள் கைநாட்டு வைக்கக் கட்டை விரலை நீட்டிவிட்டாள்.

"சார், எட்டு இல்ல சார்" என்றேன். "எட்டு மணி அவன் ஊட்டவுட்டுக் கெளம்பினது. கட்டினது பத்தரைக்கு மேல."

"உனக்கெப்படித் தெரியும்? கையில வாட்ச் இல்லையே."

"கேட்டுல நின்னேன் சார். காலைக் கூட்டம் முடிஞ்சி ஒரு காலி ரயில் ஷெட்டுக்குத் திரும்பும், அதுக்குத்தான் கேட் போட்டான். தெனம் அதுல மாட்றவன் நான். பத்தே முக்கால்தான் சார் அது. கட்டு போட்டு, வண்டில ஏத்தி, கேட்டுக்கு வர பத்து நிமிஷம்கூட ஆவல."

"ரயில் இன்னிக்கு லேட்டா வந்திருந்தா?"

"லேட்டா வந்தா இன்னும் நல்லதுதானே சார். கட்டி அவ்ளோ நேரம் ஆவலன்னு ஆவும்."

டாக்டர் குனிந்து கட்டை மறுபடி பார்த்தார். "கட்டினவங்க நேரம் எழுதலையா?"

"எழுதினாங்க சார். நாங்கதான் தொடைச்சிட்டோம்."

அவர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். திட்டுதான், அது புரிய இங்கிலீஷ் வேண்டாம். ஆனால் கைநாட்டுக் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "காலைக் காப்பாத்தப் பாப்போம், உள்ள தள்ளு" என்றார்.

கன்னியப்பனை வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரயில் பிடித்து ஒரு மணிக்கு மேல் சொர்ணம் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். நோட்டைத் திறந்து காட்டினாள்: பத்து முப்பத்தெட்டு.

"தண்ணி வேற எடுத்துக் குடுத்தியா நீ?"

"குடுத்தேன்."

"உனக்கு அறிவு கீதா அண்ணாத்தே? அந்தம்மா பெத்தவ, பதறும். நீ எத்தினி பேரை ஏத்திகினு வந்திருப்பே?"

இரண்டு பேரும் வராந்தாவில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தோம். கால் தங்கும் என்று நர்சு வந்து சொன்ன பிறகுதான் சொர்ணம் எழுந்து போய் டீ குடித்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து கோவிந்தராஜ் வீடு வந்தான். லேசாக விந்தி நடப்பான். கால் கட்டை விரலில் உணர்ச்சி இல்லை. ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தான். கெங்கம்மாள் கோயிலில் கூழ் ஊற்றினாள். பிள்ளையின் காலைக் காப்பாற்றியது ஆத்தா விபூதிதான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. சொர்ணம் இரண்டு செம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு நேராகப் பூசாரியிடம் போனாள்.

"அண்ணே, ஒரு ஒதவி வோணும். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு நெத்தில பூசாதே."

"இன்னாமே பேசறே? நெத்தி ஆத்தா எடம்."

"ஆத்தா எடந்தான், இல்லன்னு சொல்லல. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு வாடகைக்கு வுடு."

துலுக்கானம் சிரித்துவிட்டார். "அப்ப எங்கதான் பூசறது?"

"நெஞ்சுல பூசு. ஆத்தா நெஞ்சுல இருந்தா வேணாம்னா சொல்லுவா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "நெஞ்சுல பூசினா தப்பில்ல" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கில் சொன்னார். அடிபட்டவர்கள் நெற்றியில் சிவப்பாக எண் இருந்தால் கை வைக்கக் கூடாது, அது வைத்தியக் கணக்கு, விபூதியை நெஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நானும் சொர்ணமும் வீடு வீடாகப் போய்த் தொண்டை கிழியச் சொல்லியிருந்தாலும் அந்த மைக் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

மறு வருஷம் பங்குனியில் மரம் அறுக்கிற மிஷினில் ஒரு பெண்ணுக்குக் கை மாட்டிக்கொண்டது. சொர்ணம் கட்டி, நேரம் எழுதி, என் டெம்போவில் ஏற்றிவிட்டாள். மறுபடியும் கேட் மூடியிருந்தது. பெண்ணின் மாமியார் முந்தானையை எடுத்துக்கொண்டு நெற்றிக்குப் போனாள். கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த கெங்கம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏய், கைய எடு! அத்தத் தொட்டே, ஆத்தாமேல ஆணை, உன் கைய ஒடைப்பேன்!"

விபூதியை அவளே வாங்கி வந்து, அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே அள்ளிப் பூசினாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாத்தப் பாக்கறே நைனா? கேட் தொறந்துட்டான், எடு வண்டிய" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் 4.10 அப்படியே இருந்தது. வண்டியை எடுத்தேன்.